மருந்தடிக்கும் வெள்ளிக்கிழமை

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்குள் குந்தவை பதினோரு தடவை கொல்லைக்குப் போய்விட்டு வந்திருந்தாள். போய் என்ன செய்தாள் என்று கேட்டால், ஒன்றும் இல்லை. முருங்கை மரத்தடியில் இருந்த இரண்டு தேன்பெட்டிகளைப் பார்த்தாள். வேலிக்கு அப்பால் பூத்துக் கிடந்த, பக்கத்து வீட்டுக்காரர் பஞ்சநதத்தின் எள் வயலைப் பார்த்தாள். வானத்தைப் பார்த்தாள். திரும்பி வந்தாள்.

சாதாரண நாளிலேயே அவள் காலில் சக்கரம் கட்டிக்கொண்டவள். உலையை வைத்துவிட்டு வாசல் பெருக்கப் போவாள். பாதி வாசலில் துணி ஊறப்போட ஓடிவருவாள். ஊர்த் தபாலாபீசில் அவள்தான் போஸ்ட்மாஸ்டர். அங்கே நாற்காலியில் நாலு மணி நேரம் உட்கார்ந்திருப்பதே அவளுக்குத் தவம் மாதிரி. மஸ்கட்டில் வண்டி ஓட்டும் புருஷன் மதிவாணன் போனில் பேசும்போது, "முதல்ல ஒரு இடத்துல நில்லு, மூச்சு வாங்குது" என்றுதான் ஆரம்பிப்பான். அப்படிப்பட்டவள் இன்றைக்கு லீவு வேறு போட்டிருக்கிறாள். ஊர் தாங்குமா?

காரணம், புதன்கிழமை ஊர் வாட்ஸ்அப் குழுவில் வந்த ஒரு செய்தி. 'வெள்ளிக்கிழமை பஞ்சநதம் எள் வயலுக்கு ட்ரோன் மருந்து. ஆடு, மாடு விட வேண்டாம்.' அவ்வளவுதான். எத்தனை மணிக்கு என்று போட்டிருக்கவில்லை. இந்தப் பக்கம் ட்ரோன் விடுகிறவர்கள் காற்று எழுவதற்கு முன்னால் விடிகாலையிலேயே வந்துவிடுவார்கள். அதனால் குந்தவை வியாழக்கிழமை விளக்கு வைக்கும் நேரத்தில், தேனீப் பூச்சிகள் எல்லாம் உள்ளே அடங்கியதும், இரண்டு பெட்டிகளின் வாசலையும் மரத்துண்டு வைத்து அடைத்தாள். மேல் மூடியை எடுத்துவிட்டுக் கம்பிவலை பொருத்தி, அதன்மேல் நனைத்த சாக்கைப் போர்த்தினாள்.

பெட்டி விற்ற நீடாமங்கலம் காதர் மைதீன் சொல்லிக் கொடுத்த முறைதான் அது. அவர் இன்னொன்றும் சொல்லியிருந்தார். "காலை ஒரு வேளை தாங்கும்மா. வெயில் ஏறிடுச்சுன்னா தொறந்துடணும். உள்ள மெழுகுதானே இருக்கு."

ஏழு மணி ஆயிற்று. எட்டும் ஆயிற்று. ட்ரோன் வரவில்லை.

நேராகப் போய்ப் பஞ்சநதத்தைக் கேட்டால் முடிந்தது கதை. வேலியைத் தாண்டி நூறு அடி நடந்தால் அவர் வீட்டு மாட்டுக்கொட்டகை. ஆனால் குந்தவை அவரோடு பேசி ஒரு வருஷம் ஆகிறது. பேசாமல் போனது சாதாரணச் சண்டையாலும் இல்லை.

போன பங்குனியில் அவளிடம் ஒரே ஒரு பெட்டிதான் இருந்தது. பஞ்சநதம் எள்ளுக்குப் புழு விழுந்ததென்று ஆள் வைத்து மருந்தடித்தார். காலையில் அடிப்பார்கள் என்று அடைத்து வைத்திருந்த குந்தவை, பத்து மணி வரை யாரும் வராததால் திறந்துவிட்டாள். பதினோரு மணிக்கு ஆள் மருந்துத் தெளிப்பானை முதுகில் மாட்டிக்கொண்டு வயலில் இறங்கினான். பூவில் இருந்த பூச்சிகள் திரும்பி வந்து பெட்டி வாசலில் ஊர்ந்து, சுழன்று, விழுந்து செத்தன. சாயங்காலம் அவள் முறத்தில் அள்ளினாள். முறம் நிறைந்தது.

அன்றைக்கு அவள் செய்த காரியத்தை ஊரில் இன்னும் பேசுகிறார்கள். பஞ்சநதத்தின் வரப்பில் நின்று, தலைமுடி அவிழ, இரண்டு கையாலும் மண்ணை வாரி அவர் வயலைப் பார்த்துத் தூற்றினாள். "எம் பூச்சி துடிச்ச மாதிரி துடிச்சுப் போகணும்!" என்றாள். மண்ணை வாரித் தூற்றுவது என்றால் சும்மாவா? பங்காளிச் சண்டையில், வெட்டுக்குத்தில்கூட யோசித்துச் செய்கிற காரியம். ஈக்காக ஒருத்தி மண் தூற்றியதை அந்த ஊர் அன்றைக்குத்தான் பார்த்தது. ஆத்திரக்காரருக்குப் புத்தி மட்டு என்று பெரியவர்கள் முணுமுணுத்தார்கள். பஞ்சநதம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அதன் பிறகு இருவருக்கும் பேச்சு தபாலாபீஸ் ஜன்னலில் மட்டும்தான். அங்கே அவள் பேசித்தான் ஆக வேண்டும், சர்க்கார் வேலை. முன்பெல்லாம் "குந்தவை, இதை என்னன்னு பாரும்மா" என்று பாஸ்புத்தகத்தை நீட்டுகிறவர், இப்போது "மேடம்" என்றார். அவளும் "என்ன வேணும்?" என்றாள். அந்த 'மேடம்' அவளுக்கு ஒவ்வொரு மாதமும் முள்ளாகக் குத்தியது. அதை யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

ஒன்பதே முக்காலுக்குத் தங்கமணி போன் செய்தாள். ஊருக்குத் தபால் கொடுப்பவள். குந்தவை லீவு போட்டால் ஆபீசையும் அவளே பார்த்துக்கொள்வாள்.

"அக்கா, தபால் பெட்டிச் சாவி உங்க கொத்துலயே இருக்கு போல."

குந்தவை இடுப்பைத் தடவினாள். இருந்தது. நேற்று அவசரத்தில் ஆபீஸ் சாவியை மட்டும் கழற்றிக் கொடுத்திருக்கிறாள்.

"வந்து வாங்கிக்கட்டுமா? பெட்டியில ஒரு லெட்டர் விழுந்திருக்கு."

"இந்தக் காலத்துல எவன் லெட்டர் போடறான்?"

"பஞ்சநதம் ஐயாதான். கதவு தொறந்ததும் வந்தாரு. மேடம் எங்கேன்னாரு. லீவுன்னேன். சித்த நேரம் தூணப் புடிச்சிட்டு நின்னாரு. அப்புறம் ஒரு இன்லேண்ட் லெட்டர் வாங்கினாரு. இங்கேயே பெஞ்சில உக்காந்து எழுதி, ஒட்டி, பெட்டியில போட்டுட்டுப் போனாரு."

குந்தவைக்கு உள்ளங்கால் முதல் உச்சந்தலை வரை எரிந்தது. "எம்மேல புகார்! பெரிய ஆபீசுக்கு எழுதறாரு. மருந்தடிக்கிற அன்னைக்குப் பாத்து நான் லீவு போட்டிருக்கேன்ல, அதைத்தான் எழுதியிருப்பாரு."

"அப்படியா சொல்றீங்க? அவரு மூஞ்சியப் பாத்தா அப்படித் தெரியலையே."

"உனக்கு என்னடி தெரியும்? என்னைப் பத்தின புகாரை நானே மூட்டை கட்டி அனுப்பணுமா? கெடக்கட்டும் அதுலேயே. நாளைக்கு எடுத்துக்கலாம்."

"ரூல்ஸு..."

"ரூல்ஸ நான் பாத்துக்கறேன்."

தங்கமணி கொஞ்சம் தயங்கினாள். "அக்கா, நான் அந்த வழியாத்தான் தபாலுக்குப் போறேன். மருந்து எத்தனை மணிக்குன்னு அவரையே ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லட்டுமா?"

"கேட்ட, அப்புறம் உம் மூஞ்சியில முழிக்க மாட்டேன்."

போனை வைத்த கையோடு மறுபடி கொல்லைக்கு ஓடினாள். சாக்கு காய்ந்திருந்தது. அடிபம்பில் தண்ணீர் அடித்து ஊற்றினாள். பெட்டியின் பலகையில் காதை வைத்தாள். சின்னப் பெட்டியில் சத்தம் பரவாயில்லை. அது போன மாதம் பிரித்து வைத்த கூட்டம், நாலு அடைச் சட்டம்தான். பெரிய பெட்டிதான் கொதிக்கிற உலை மாதிரி இரைந்தது.

பெரிய பெட்டிக் கூட்டத்தை அவள் விலைக்கு வாங்கவில்லை. ஐப்பசி மழையில் வாய்க்கால் கரைப் பனைமரம் ஒன்று சாய்ந்தபோது, அதன் பொந்தில் இருந்ததை, முகத்தில் வலையைத் தொங்கவிட்டுக்கொண்டு, அடை அடையாக அறுத்து, சட்டத்தில் வைத்து வாழைநாரால் கட்டி, தானே வீட்டுக்குக் கொண்டுவந்தாள். ஏழு கொட்டு வாங்கினாள். ராணி இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் நாலு நாள் சோறு இறங்கவில்லை. ஐந்தாம் நாள் கால்களில் மஞ்சள் மகரந்தம் ஒட்டிக்கொண்டு பூச்சிகள் உள்ளே நுழைவதைப் பார்த்ததும் கொல்லையில் நின்று கைதட்டினாள். இப்போது கீழே எட்டுச் சட்டம் நிறையக் குஞ்சுப் புழு. மேலே தேனறையில் ஐந்து அடை மெழுகு மூடி நிற்கிறது. சித்திரை முதல் நாள் முதல் தேன் எடுப்பதாக இருந்தாள். பாட்டில்கள் கழுவி, சமையலறை மாடத்தில் கவிழ்த்து வைத்திருக்கிறாள்.

அதெல்லாம்கூட இருக்கட்டும். உலகத்தில் அவள் ஒரே இடத்தில் உட்காரும் இடம் அந்தப் பெட்டிக்கு முன்னால் போட்ட முக்காலிதான். தினம் சாயங்காலம் அரை மணி நேரம், கை கால் ஆடாமல், வாசலில் பூச்சி வருவதும் போவதுமாக இருப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அந்த அரை மணி நேரத்தில் அவளுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும் ஏதோ ஒன்று நிற்கும். அது போய்விடக் கூடாது. போன வருஷம் போய், ஆறு மாதம் அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

பதினொன்று ஆயிற்று. திறந்துவிடலாமா? போன வருஷம் திறந்தது பத்து மணிக்கு. மருந்து வந்தது பதினோரு மணிக்கு. சூடு கண்ட பூனை அவள். இன்னும் கொஞ்சம் பார்ப்போம் என்று உள்ளே போனாள். அரிசியைக் களைந்தாள். களைந்த அரிசியை அப்படியே வைத்துவிட்டு வாசலுக்கு வந்து சாலையைப் பார்த்தாள். மறுபடி கொல்லை. மறுபடி தண்ணீர். சாக்கின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தால், வலைக்குக் கீழே பூச்சிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, கம்பியைக் கடித்துக்கொண்டிருந்தன.

பன்னிரண்டரைக்குக் காதர் மைதீனுக்குப் போன் போட்டாள். அடித்துக்கொண்டே இருந்தது. இரண்டாம் தடவை போடும்போதுதான் உறைத்தது, வெள்ளிக்கிழமை, தொழுகைக்குப் போயிருப்பார். முக்காலியில் உட்கார்ந்தாள், எழுந்தாள். "கடவுளே, வர்றதுன்னா வந்து தொலையேன்!" என்று வாய்விட்டுக் கத்தினாள். தன் பூச்சியைக் கொல்ல வருகிற ட்ரோனை இப்படி வேண்டி அழைத்தவள் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

ஒரு மணிக்கு மனசு ஒரு பக்கம் சாய்ந்தது. சின்னப் பெட்டியின் வாசலைத் திறந்தாள். திபுதிபுவென்று வெளியே வந்தன. உடனே தண்ணீர்த் தொட்டி ஓரத்துக்குப் போய் உட்கார்ந்து குடிக்க ஆரம்பித்தன. சரி, பெரியதையும் திறந்துவிடலாம் என்று மரத்துண்டில் கை வைத்தாள். அந்த நேரம் பார்த்துச் சாலையில் ஒரு சின்ன லாரி வரும் சத்தம். பின்னால் வெள்ளை டிரம்கள். மருந்து டிரம்! அவள் கை அப்படியே நின்றது. பெரிய பெட்டி போனால் எல்லாம் போச்சு. மரத்துண்டை இன்னும் அழுத்திச் செருகிவிட்டு வேலியோரம் ஓடினாள். லாரி பஞ்சநதத்தின் வயலைத் தாண்டியது. கல்யாண வீட்டுக்குக் குடிதண்ணீர் கொண்டுபோகிற வண்டி.

அது திரும்பி வந்தாலும் வரும், பின்னால் வேறு வண்டி வந்தாலும் வரும் என்று வேலிக் கம்பைப் பிடித்துக்கொண்டு இருபது நிமிஷம் வெயிலில் நின்றாள். பதறாத காரியம் சிதறாது என்பார்கள். அவளுக்குப் பதறாமல் ஒரு காரியம் செய்யவே வராதே.

திரும்பி வந்தபோது கொல்லை அமைதியாக இருந்தது. காலையிலிருந்து காதில் இரைந்த சத்தம் இல்லை. பெரிய பெட்டியின் அடிப்பலகை இடுக்கிலிருந்து பொன்னிறமாக ஒரு கோடு இறங்கி, பெட்டிக் காலில் வழிந்து, எறும்பு ஏறாமல் இருக்க வைத்த தண்ணீர்க் கிண்ணத்தில் சொட்டிக்கொண்டிருந்தது. தேன்.

குந்தவை வாசல் மரத்துண்டைப் பிடுங்கி எறிந்தாள். வலையைப் பிய்த்தாள். முகத்துக்கு வலை போடவில்லை, புகை போடவில்லை. கொட்டுவதற்குத்தான் உள்ளே யாரும் இல்லையே. தேனடைகள் இளகி அறுந்து ஒன்றின்மேல் ஒன்று சரிந்திருந்தன. புழு அடையும் சேர்ந்து விழுந்திருந்தது. அத்தனையும் தேனில் மிதந்தது. ஓரத்தில் பிழைத்த ஒரு கைப்பிடிப் பூச்சிகள், இறக்கை ஒட்டிக்கொண்டு, பறக்க முடியாமல் பலகையில் நடந்தன. அவள் விரலால் துழாவினாள். அடிப்பலகையில், இரண்டு அடைக்கு நடுவே, நீண்ட வயிறோடு ராணி கிடந்தது. எடுத்து உள்ளங்கையில் வைத்து ஊதிப் பார்த்தாள். அசையவில்லை.

அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. காலையிலிருந்து கட்டி வைத்திருந்த அத்தனை பதைப்பும் ஒரே ஆளைப் போய்ப் பிடித்துக்கொண்டது. வெள்ளிக்கிழமை என்று போட்டுவிட்டு, மணியைச் சொல்லாமல், நாள் பூராவும் என்னை அலைக்கழித்துக் கொன்ற மனுஷன். வேண்டுமென்றேதான் செய்திருக்கிறார். புகார் வேறு எழுதியிருக்கிறார்.

சாயங்காலம் ஐந்தரை ஆவதற்குச் சற்று முன்னால் ட்ரோன் வண்டி வந்து பஞ்சநதத்தின் வரப்போரம் நின்றது. தொப்பி போட்ட ஒரு பெண் இறங்கி, இறக்கைகளை விரித்து மாட்டினாள். பஞ்சநதம் துண்டைக் கையில் பிடித்தபடி பக்கத்தில் நின்றார். குந்தவை வேலியைத் தாண்டினாள். முடி ஏற்கெனவே அவிழ்ந்திருந்தது. போன வருஷம் நின்ற அதே வரப்பில் நின்று, குனிந்து, இரண்டு கையிலும் மண்ணை அள்ளினாள்.

பஞ்சநதம் பார்த்தார். முகம் வெளுத்தது. ஆனால் நகரவில்லை.

தொப்பிக்காரப் பெண் என்ன ஏதென்று புரியாமல் சிரித்தாள். "நீங்கதான் தேன்பெட்டி வச்சிருக்கிற அக்காவா? எம் பேரு செம்மொழி. ஒங்களாலதான் அக்கா இன்னைக்கு எனக்கு லேட்டு. காலையிலேயே இங்க முடிச்சிட்டு மத்தியானத்துக்குள்ள மயிலாடுதுறைக்கு வீட்டுக்குப் போகலாம்னு இருந்தேன். இவருதான் ஒத்தக் கால்ல நின்னாரு. பூச்சியெல்லாம் கூட்டுக்குத் திரும்பினப்புறம்தான் வரணும், காலையில வந்தா வயல்ல கால் வைக்க விடமாட்டேன்னு."

குந்தவையின் கை மண்ணோடு அந்தரத்தில் நின்றது.

"லெட்டர் வரலையா?" என்றார் பஞ்சநதம். தொண்டையைச் செருமிக்கொண்டார். "உங்கிட்ட நேரா சொல்லத்தான் ஆபீசுக்கு வந்தேன். ஜன்னல்ல நின்னா நீ பதில் சொல்லித்தானே ஆகணும். நீ இல்ல. தங்கமணிகிட்டச் சொன்னாலும் வாட்ஸ்அப்புல போட்டாலும், மண்ணுக்குப் பயந்துட்டான்னு ஊரு பூராப் பேசும். அதான் எழுதிப் போட்டேன். ஒரே ஊருதானே, மத்தியானத்துக்குள்ள உங் கைக்கு வந்துடும்னு நெனச்சேன்."

அவள் கண் இடுப்பில் தொங்கிய சாவிக்கொத்துக்குப் போனது.

"போன வருஷம் நீ தூத்தினப்புறம் உன் வேலியோரம் பாதிக்குப் பாதி காய்தான் புடிச்சுது. மண்ணால அப்படி ஆச்சா, பூச்சி இல்லாம ஆச்சா, எனக்குத் தெரியல. இந்த வருஷம் பாரு, கணுவுக்குக் கணு பூ நிக்குது." அவர் அவள் கையைப் பார்த்தார். "இப்ப எதுக்கு அள்ளியிருக்க? சாயந்திரம்தானே அடிக்கிறேன்?"

"பெட்டிய அடைச்சிட்டேன் அண்ணே," என்றாள் குந்தவை.

"எப்ப?"

"நேத்து விளக்கு வைக்கையில."

பஞ்சநதம் மேற்கே சாய்ந்த வெயிலை ஒரு தடவை பார்த்தார். விவசாயிக்குக் கணக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. மெதுவாகக் கேட்டார். "பனமரத்துக் கூட்டமா?"

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து இவ்வளவு நாளும் அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். குந்தவை தலையை ஆட்டினாள். விரல்கள் தாமாகத் திறந்து மண் அவள் காலிலேயே கொட்டியது. அவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றார்.

அவள் வீட்டுக்குப் போகவில்லை. நேராகத் தபாலாபீசுக்கு நடந்தாள். ஓடவில்லை, நடந்தாள். சுவரில் மாட்டியிருந்த சிவப்புப் பெட்டிக்கு முன்னால் நின்று இடுப்பிலிருந்து சாவியை எடுத்தாள். காலையிலிருந்து அவள் கொல்லைக்கும் வாசலுக்குமாக ஓடிய ஓட்டமெல்லாம் அவளோடு ஓடிய சாவி. உள்ளே நீல நிறத்தில் ஒரே ஒரு கடிதம் இருந்தது. அனுப்புநர் முகவரியில் கதவு எண், தெரு, ஊர், பின்கோடு வரை எழுதியிருந்தார். பெறுநர் முகவரியிலும் அதே தெரு, அதே ஊர், அதே பின்கோடு.

ஆபீஸ் படியில் உட்கார்ந்து பிரித்தாள். விரலில் இருந்த தேன் தாளில் ஒட்டியது.

'மேடம் அவர்களுக்கு. மருந்து சாயந்திரம் ஐந்தரை மணிக்குத்தான். சொல்லி வைத்துவிட்டேன். காலையில் பெட்டியை அடைத்துவிட வேண்டாம். இந்த வெயிலில் உள்ளே வெந்துபோகும். பாவம், வாயில்லாப் பூச்சி. இப்படிக்கு, பஞ்சநதம்.'

குந்தவை அதை மடித்தாள், மறுபடி பிரித்தாள். இருட்டி எழுத்து தெரியாமல் போகும் வரை அந்தப் படியை விட்டு அவள் எழுந்திருக்கவில்லை.